கொட்டகை இருந்த இடம்

திருச்சிராப்பள்ளிக்குப் பிரயாணம் செய்கிறவர்கள் சாதாரணமாக மூன்று காரியங்களுக்காகவே செய்கிறார்கள். உச்சிப் பிள்ளையாரைத் தரிசிக்க ஒரு கூட்டம். காவிரிக்கு அப்பால் அரங்கநாதரைச் சேவிக்க ஒரு கூட்டம். இரண்டு பேரையும் ரயில் ஜன்னல் வழியாகவே கும்பிட்டுவிட்டு, மதுரைக்கோ தஞ்சாவூருக்கோ வண்டி மாறி ஏறுகிற கூட்டம் ஒன்று. நாம் சென்ற அரையாண்டுப் பரீட்சை விடுமுறையில் இந்த மூன்றில் எதையும் முக்கியமாக உத்தேசிக்காமல் அவ்வூருக்குப் போனோம். ஒரு சினிமாக் கொட்டகை இருந்த இடத்தைப் பார்க்க வேண்டுமென்பது நமது நோக்கம். "இருக்கிற கொட்டகைக்கே வராத மனுஷர், இல்லாத கொட்டகையைப் பார்க்கவா டிக்கெட் வாங்கிக்கொண்டு போகிறீர்கள்?" என்று வீட்டில் கேட்டார்கள். கேள்வி நியாயமானதுதான்.

நாம் சரித்திரம் கற்பிக்கும் உபாத்தியாயர். ரயில் பாதைகள் தேசத்துக்குச் செய்த நன்மை தீமைகளைப் பற்றி ஒரு நாள் வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தோம். தென்னாட்டில் ஊர் ஊராகச் சினிமாவைக் கொண்டு திரிந்த முதல் தென்னிந்தியர் என்று சொல்லப்படுகிற சாமிக்கண்ணு வின்சென்ட், திருச்சியில் ரயில்வே உத்தியோகம் பார்த்தவர் என்ற விஷயம் பேச்சோடு பேச்சாக வந்தது. பின்வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்து, "சார், திருச்சியில் எந்த இடத்தில் காட்டினார்?" என்று கேட்டான். பின்வரிசைப் பையன்கள் கேட்கும் கேள்விகளுக்கே பதில் சொல்வது கஷ்டம். "போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன்" என்று தப்பித்துக்கொண்டோம்.

ஜங்ஷன் வாசலில் ஓர் ஆட்டோக்காரர் நமது பையை வாங்கி வண்டியில் வைத்தார். வைத்தவர் நம்மை ஒரு தரம் உற்றுப் பார்த்தார். "சார், நீங்க ஹிஸ்டரி சார்தானே?" என்றார். விழித்தோம். "மேட்னி ஷோ, சார்! ஞாபகம் இல்லையா?" என்று அவரே அடி எடுத்துக் கொடுத்ததும், நமக்கு மார்கழிக் குளிரிலும் லேசாக வியர்த்தது.

இருபது ஆண்டுகளுக்கு முன், பட்டத்தின் மை காய்வதற்குள், இதே ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்கு அமர்ந்திருந்தோம். ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன். வெள்ளிக்கிழமைதோறும் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு மறைந்துவிடுவான். புதிய உபாத்தியாயருக்குள்ள உற்சாகத்தோடு நாம் துப்பறிந்து, கொட்டகை வாசலிலேயே அவனைக் கையும் டிக்கெட்டுமாகப் பிடித்து, அவன் தகப்பனாரை வரவழைத்தோம். தகப்பனார் காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். அவர் நம்மை எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை, பையனை அடிக்கவுமில்லை. மறுநாளிலிருந்து அவனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை, அவ்வளவுதான். நாம் அந்த வீட்டுக்குப் போய் ஒரு தரம் சொல்லிப் பார்த்திருக்கலாம். இன்றைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்றிருந்தோம். அதற்குள் வேறு ஊரில் நல்ல வேலை கிடைத்தது. அன்று 'அவன்', இன்று இரண்டு குழந்தைகளுக்குத் தகப்பனாகிவிட்டபடியால் 'அவர்' என்றுதான் எழுத வேண்டும்.

"எங்கே சார் போகணும்?" என்றார் அவர்.

வந்த காரியத்தைச் சொன்னோம். அவர் சிரித்த சிரிப்பில் வண்டி குலுங்கியது. "என்னைக் கொட்டகையிலிருந்து இழுத்துக்கிட்டுப் போன சாரா, இப்ப கொட்டகையைத் தேடி வந்திருக்கீங்க!" என்றார். இந்தப் பரிகாசத்துக்கு நாம் முற்றிலும் தகுதியுடையவர் என்பதால் பேசாமல் ஏறி உட்கார்ந்தோம்.

அந்தக் கதையை ஜங்ஷனிலிருந்தே தொடங்குவதுதான் பொருத்தம். ஏனென்றால் திருச்சிக்குச் சினிமாவும் நாடகமும் ரயிலில் வந்து இறங்கியவை என்றே சொல்லலாம். தென்னிந்திய ரயில்வேயின் தலைமைக் காரியாலயம் நாகப்பட்டினத்திலிருந்து இங்கே மாறியது. அதன்பின் கோவிலும் கோட்டையும் சேர்ந்த பழைய பட்டணத்தில் மாதச் சம்பளக்காரர்களின் புது ஊர் ஒன்று முளைத்தது. முதல் தேதியில் கையில் ரொக்கம், மாலையில் ஓய்வு, ஞாயிற்றுக்கிழமை விடுமுறை - இந்த மூன்றும் கிராமத்துக் குடியானவனுக்கு இல்லாதவை. கட்டணக் கேளிக்கை என்ற வியாபாரத்துக்கு வேண்டிய முதலும் இந்த மூன்றுதான்.

சாமிக்கண்ணு வின்சென்ட் கோயமுத்தூர்க்காரர், 1883-ல் பிறந்தவர். இந்த ரயில்வேயில் சொற்பச் சம்பளத்தில் ஊழியராக இருந்தார். 1905-ஆம் ஆண்டில் டூபான்ட் என்ற பிரெஞ்சுக்காரர் ஒருவர் படம் காட்டும் இயந்திரத்தையும் சில படச் சுருள்களையும் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றி வந்தார். திருச்சிக்கு வந்தபோது அவருக்கு உடம்புக்கு முடியாமல் போயிற்று. சுருட்டிக் கட்டிக்கொண்டு சொந்த தேசம் திரும்பினால் போதுமென்றாகிவிட்டது. இருபத்திரண்டு வயது வின்சென்ட், ஏறத்தாழ இரண்டாயிரம் ரூபாயைத் திரட்டி, அந்த இயந்திரத்தையும் சுருள்களையும் வாங்கிக்கொண்டு உத்தியோகத்தை உதறினார். அக்காலத்தில் இரண்டாயிரம் ரூபாய்க்கு நல்ல நஞ்சை வாங்கலாம். ரயில்வே உத்தியோகத்தை விட்டுவிட்டு வெளிச்சத்தையும் நிழலையும் விலைக்கு வாங்கிய பிள்ளையைப் பற்றி உறவினர் என்ன பேசியிருப்பார்கள் என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம். நாம் அந்த வீட்டு உபாத்தியாயராக இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்போம் என்பதை ஊகிக்கவே வேண்டியதில்லை.

பிரெஞ்சுக்காரர்களுக்கும் திருச்சிக்கும் ஒரு பழைய பாக்கி உண்டு. 1752-ல் கோட்டையைப் பிடிக்க வந்த பிரெஞ்சுத் தளபதி லா, ஸ்ரீரங்கம் தீவுக்குள் அகப்பட்டுக்கொண்டு, கோவில் மதில்களுக்குள் பட்டினி கிடந்து, கடைசியில் ஆங்கிலேயரிடம் சரணடைந்தார். பீரங்கியோடு வந்த பிரெஞ்சுக்காரர் இந்த ஊரை மாற்ற முடியவில்லை. நூற்றைம்பது வருஷம் கழித்துக் காய்ச்சலோடு வந்த பிரெஞ்சுக்காரர், வேண்டாமென்று விட்டுப்போன பெட்டியினால் மாற்றிவிட்டார்.

அந்தப் பெட்டி வேலை செய்த விதத்தை இக்காலத்துப் பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். மின்சாரம் எட்டாத ஊர்களில், பிராணவாயுவையும் நீரகவாயுவையும் கலந்து எரித்து, அந்தச் சுவாலையைச் சுண்ணாம்புக் கட்டியின்மேல் பாய்ச்சுவார்கள். சுண்ணாம்பு பழுத்து வெள்ளை வெளேரென்று ஒளிவிடும். அந்த ஒளிக்கு முன்னால் படச் சுருளை ஒரு மனிதர் கையால் சுற்றுவார். விநாடிக்குப் பதினாறு படம் என்பது கணக்கு. ஆனால் கை மனிதக் கைதானே! சாயங்காலத்தில் நிதானமாக நடக்கிற கதாநாயகன், பசி வந்துவிட்ட இரண்டாவது ஆட்டத்தில் ஓட்டமும் நடையுமாகப் போவான். ஆயிரம் அடிச் சுருள் ஒன்று கால் மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக ஓடும். பேச்சு இல்லாத படமாதலால், திரைக்கு அருகே ஒருவர் நின்று கதையைச் சத்தம் போட்டுச் சொல்லுவார். அந்தச் சுருள்கள் தீக்குச்சியை விட எளிதில் பற்றிக்கொள்ளும் செல்லுலாயிடு. 1897-ல் பாரிஸ் நகரத்தில் ஒரு தர்மச் சந்தையில் படம் காட்டும் விளக்கிலிருந்து தீப் பிடித்து 126 பேர் மாண்டார்கள். இந்தியாவில் 1918-ல் வந்த சினிமாச் சட்டத்தின் ஒரு பாதி இந்தத் தீக்குப் பயந்து எழுதியது. மறு பாதி, படங்கள் ஜனங்கள் மனத்தில் மூட்டக்கூடிய தீக்குப் பயந்து எழுதியது.

வின்சென்ட் வாங்கிய சுருள்களில் முக்கியமானது ஏசுநாதரின் ஜீவிய சரித்திரம். பாரிஸ் நகரத்தில் சினிமா முதலில் கட்டணத்துக்குக் காட்டப்பட்டது 1895 டிசம்பரில். பம்பாய்க்கு வந்தது 1896 ஜூலையில். அப்படியிருக்க, 1905-ல் திருச்சியில் அது புதுமையா என்று கேட்கலாம். பம்பாயில் வாட்சன் ஹோட்டலுக்குள் துரைமார் பார்த்தது வேறு. வின்சென்ட் கூடாரத்தைச் சுருட்டி ரயிலில் ஏற்றிக்கொண்டு, இறங்கின இடத்தில் விரித்து, தரையில் உட்கார்ந்து பார்க்கும்படி ஜனங்களுக்குக் காட்டினார். திருச்சியில் தொடங்கி, மலையாள தேசத்துக்குப் போய், பிறகு வடக்கே லாகூர், பெஷாவர் வரைக்கும், கிழக்கே ரங்கூன் வரைக்கும் அந்தக் கூடாரம் யாத்திரை செய்தது. ரயில்வேயில் வேலை பார்த்தவருக்கு எந்த வண்டி எங்கே போகிறதென்பது தெரியாதா என்ன?

"அதெல்லாம் சரி சார், எந்த இடம்னு சொல்லுங்க; வண்டியை அங்கேயே நிறுத்தறேன்" என்றார் ஆட்டோக்காரர்.

அங்கேதான் நமது யாத்திரை முட்டிக்கொண்டது. கூடாரத்துக்கு விலாசம் கிடையாது. முளைகளைப் பிடுங்கிவிட்டால் மண் மூடிக்கொள்ளும். பின்னால் கோயமுத்தூரில் 1914-ல் வின்சென்ட் வெரைட்டி ஹால் என்று நிலையான கொட்டகை கட்டினார். கொட்டகை பிற்காலத்தில் டிலைட் என்று பெயர் மாறியும், தெருவுக்கு வெரைட்டி ஹால் ரோடு என்ற பெயர் நிலைத்துவிட்டது. அவர் 1942-ல் காலமானார். கோயமுத்தூருக்கு ஒரு ரோடு கிடைத்தது. திருச்சிக்கு ஒரு ரயில் நிலையம்தான். வாசலிலேயே இறங்கி, அந்த முகப்பை ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடியும் ஏறிக்கொண்டோம். வகுப்பில் கேள்வி கேட்ட பையனுக்கு இதைத்தான் சொல்லப்போகிறோம்.

ஜங்ஷனை விட்டுக் கோட்டைப் பக்கம் போனால், ரயில்வேயின் இன்னொரு குழந்தையைக் கண்ணாலேயே பார்க்கலாம். ரசிக ரஞ்சனி சபா என்று பலரும் சொல்லும் ரசிக ரஞ்சன சபையை 1914-ல் ஸ்தாபித்தவர் எப்.ஜி. நடேசய்யர். அவரும் தென்னிந்திய ரயில்வேயில் பெரிய உத்தியோகஸ்தர். திருச்சி நகரசபைத் தலைவராகவும் இருந்தவர். பகலில் சரக்கு வண்டிகளையும் பிரயாணி வண்டிகளையும் தம் சொற்படி ஓடச் செய்துவிட்டு, இரவில் முகத்தில் அரிதாரம் பூசிக்கொண்டு ஹரிச்சந்திரனாக மாறுகிறவர். கம்பெனி நாடகத்துக்குக் கூத்தாடிகள், சபை நாடகத்துக்குக் கனவான்கள் என்று ஜனங்கள் வித்தியாசம் பாராட்டிய காலம் அது. மேடை ஏறினால் மானம் போகும் என்று நினைத்த குடும்பங்களின் பிள்ளைகளை, ரயில்வேயில் கையெழுத்துப் போடுகிற அதிகாரியே மேடை ஏறிக் காட்டித் துணிய வைத்தார் என்பதுதான் இங்கே விசேஷம். 1938-ல் கே. சுப்ரமணியம் எடுத்த 'சேவாசதனம்' படத்தில் எம்.எஸ். சுப்புலக்ஷ்மிக்குக் கிழக் கணவனாக நடித்தவர் இவரே.

அந்தச் சபையின் 'ஹரிச்சந்திரா'வுக்கு லோகிதாசனாக ஒரு பையன் வேண்டியிருந்தது. மாயவரத்திலிருந்து திருச்சிக்குக் குடியேறிய ஒரு பொற்கொல்லர் குடும்பத்துப் பிள்ளை நன்றாகப் பாடுகிறான் என்று தெரிந்து, நடேசய்யர் அவனை அழைத்துக்கொண்டார். அந்தப் பையனுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஒத்துக்கொள்ளவில்லை; பாட்டுக்காக வீட்டை விட்டே ஒரு தரம் ஓடிப்போனவன். லோகிதாசனாக மேடையில் நின்று அவன் பாடினதும் சபை அப்படியே உட்கார்ந்துவிட்டது என்கிறார்கள். எம்.கே. தியாகராஜ பாகவதர் என்ற பெயரை இனிச் சொல்லத்தான் வேண்டுமா? மதுரை பொன்னு ஐயங்காரிடம் சங்கீதம் கற்று, நாடக மேடையில் அர்ஜுனனாகப் புகழ்பெற்று, 1934-ல் 'பவளக்கொடி' மூலம் திரைக்குப் போனார். 1944-ல் வெளிவந்த 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே கொட்டகையில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. நடித்த படங்கள் பதினான்குதான். லக்ஷ்மிகாந்தன் கொலை வழக்கில் சிறை சென்று, 1947-ல் விடுதலையாகி வந்தபோது குரல் இருந்தது; காலம் அவரை விட்டுப் போய்விட்டிருந்தது. 1959 நவம்பர் 1-ஆம் தேதி மறைந்தார். சமாதி இதே திருச்சியில், சங்கிலியாண்டபுரத்தில் இருக்கிறது.

"சங்கிலியாண்டபுரம்தான் நம்ம வீடு, சார். அந்த வழியாவே போவோம்" என்றார் நமது சாரதி.

நேயர்களில் யாராவது திருச்சிக்குப் போனால், மலைக்கோட்டையில் எத்தனை படி ஏறினாலும் சரி, இந்தச் சங்கிலியாண்டபுரத்தில் ஒரு கால் மணி நேரம் நடந்து பார்க்க வேண்டும். பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. நெருக்கமான வீடுகள், தண்ணீர்க் குடங்கள், டீக்கடைகள். ஆனால் தமிழ் மேடையின் சரித்திரத்தில் பாதி இந்தச் சந்துகளில் துணி உலர்த்தியிருக்கிறது. எம்.ஆர். ராதா இங்கே வாழ்ந்தார். 1979-ல் திருச்சியிலேயே கண்ணை மூடினார். 'ரத்தக் கண்ணீர்' நாடகத்தைப் பார்க்க வந்தவர்களை மேடையிலிருந்தே அவர் பதம் பார்ப்பாராம்; அதற்காகவே மறுபடியும் காசு கொடுத்துப் போவார்களாம். தேவர் ஹால் என்ற பெயரைச் சொன்னால் இந்த ஊர்க் கிழவர்களுக்கு முகம் மலர்கிறது. யாரும் கட்டிடத்தை வர்ணிப்பதில்லை. ராதா அங்கே என்ன சொன்னார் என்றுதான் சொல்லுகிறார்கள்.

ரயில்வேக்காரரான சின்னையா மன்றாயர் சுதந்திரப் போராட்டத்தில் சிறைக்குப் போனவர். அவருடைய குடும்பமும் இங்கேதான் வந்து குடியிருந்தது. அவர் மகன் கணேசனுக்குக் கட்டபொம்மன் கூத்துப் பார்த்த நாளிலிருந்து மனம் பள்ளிக்கூடத்தில் நிற்கவில்லை. யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் மதுரை ஸ்ரீபால கான சபா என்ற பாய்ஸ் கம்பெனி திருச்சியில் முகாம் போட்டபோது, "தாய் தகப்பன் இல்லாத அநாதை" என்று சொல்லிச் சேர்ந்துவிட்டான். அடுத்த தெருவில் தாயும் தகப்பனும் இருக்க, பிள்ளை வாய் கூசாமல் சொன்ன அந்தப் பொய்தான் சிவாஜி கணேசன் நடித்த முதல் வேஷம் என்று நமக்குத் தோன்றுகிறது.

இந்த இடத்தில் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, நமது சாரதி டீ வாங்கி வந்தார். டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு, தயங்கித் தயங்கி ஒரு விஷயத்தைக் கேட்டார்.

"சார், பெரிய பொண்ணு பத்தாவது படிக்கிறா. படம் நல்லா வரைவா. அனிமேஷன் படிக்கணும்னு ஒத்தைக் காலில் நிக்கிறா. சினிமாப் படம் வேலைதானே அதுவும்! எங்க அப்பா இருந்தா என்ன சொல்லியிருப்பார்னு எனக்குத் தெரியும். நீங்க சொல்லுங்க, விடலாமா?"

நமக்கு டீ புரை ஏறிற்று. பாகவதர், ராதா, கணேசன் என்று மூன்று பேர் பெயரை அப்போதுதான் வாய் மணக்கச் சொல்லி முடித்திருந்தோம். மூவருமே உபாத்தியாயர் கைக்கு அடங்காத பிள்ளைகள். பெரியவர்களான பிறகு அவர்களைப் புகழ்வது சுலபம். ஒன்பதாம் வகுப்பில் அவர்களை வைத்துக்கொண்டிருந்தால் என்ன செய்திருப்போம்? அதற்குச் சாட்சி எதிரில் நின்று டீ ஆற்றிக்கொண்டிருந்தது. மேலும், மேடைக்கு ஓடிப்போன ஆயிரம் பிள்ளைகளில் மூவர் பெயர்தான் நமக்குத் தெரியும். பாய்ஸ் கம்பெனிகளில் பிரம்படி பட்டு, மகரக்கட்டு உடைந்ததும் வெளியே தள்ளப்பட்ட சிறுவர்களுக்குச் சமாதியுமில்லை, சிலையுமில்லை. "யோசித்துச் சொல்கிறேன்" என்றோம். அவர் தலையை ஆட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.

பள்ளிக்கூடத்தை விட்டபின் நடந்ததைப் போகிற வழியில் அவரே சொன்னார். எந்தக் கொட்டகை வாசலில் நாம் பிடித்தோமோ, அதே கொட்டகையில் மெஷின் ரூமுக்கு டீ வாங்கிக் கொடுக்கிற பையனாகச் சேர்ந்தாராம். இரண்டு வருஷத்தில் ஆபரேட்டருக்குக் கையாள். கரித் துண்டு இரண்டை எதிரும் புதிருமாக வைத்து, நடுவில் எரிகிற சுடரைத் தேய்மானத்துக்குத் தக்கபடி தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். தவறினால் திரை பழுப்பேறும், கீழே விசில் பறக்கும். ரீல் முடிகிற சமயம் படத்தின் மேல் மூலையில் ஒரு புள்ளி மின்னும். ஜனங்கள் கதாநாயகி முகத்தைப் பார்ப்பார்கள்; ஆபரேட்டர் அந்தப் புள்ளியைத்தான் பார்ப்பார். முதல் புள்ளிக்கு இரண்டாவது மெஷினை ஓட விட்டு, இரண்டாவது புள்ளிக்கு ஒளியை மாற்ற வேண்டும். "ஆயிரம் பேர் உட்கார்ந்திருப்பாங்க சார். ஒருத்தருக்கும் தெரியாம மாத்திடணும். தெரிஞ்சா நான் தோத்தேன்" என்றார். ஒரு படத்தை இரண்டு கொட்டகைகள் பங்கு போட்டுக்கொண்டால், இங்கே ஓடி முடிந்த பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு அங்கே ஓட்ட வேண்டும். வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தால் அங்கே இடைவேளை நீளும்.

பிறகு சுருள் போய்ப் பெட்டி வந்தது. பொத்தானை அமுக்கினால் படம் ஓடிற்று. மூன்று பேர் வேலையை ஒருவர் பார்த்தார். பிறகு அந்த ஒருவருக்கும் வேலை இல்லாமல், கொட்டகையே மூடிற்று. வெலிங்டன், பிளாசா, ராக்ஸி என்று திருச்சியில் பெயர் சொல்லி விளங்கிய கொட்டகைகள் இப்படி ஒவ்வொன்றாகப் போய்விட்டன. (வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற துரை பெயரில் கொட்டகை வைத்து, அதில் கட்டபொம்மன் கதைக்குக் கை தட்டிய ஜனங்களை என்ன சொல்வது!) வீட்டுக்கு வீடு டெலிவிஷன் வந்ததும், நிலத்தின் விலை டிக்கெட்டின் விலையைப் போல நூறு மடங்கு வேகத்தில் ஏறியதும் காரணங்கள். இதில் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை.

காவிரிப் பாலத்தின் மேல் வண்டி ஏறிற்று. இப்போதுள்ள பாலம் 1976-ல் திறந்தது. தண்ணீர் ஒரு கரையோரமாக ஒதுங்கி ஓடிக்கொண்டிருந்தது. தீவில் இருந்த பிள்ளைகளுக்கு அக்காலத்தில் இந்த ஆறுதான் காவலாளி. பெரிய படம் பார்க்க வேண்டுமானால் ஆற்றைத் தாண்டிப் பட்டணம் போக வேண்டும், திரும்பி வர இருட்டும், வீட்டில் தெரிந்துவிடும். உள்ளூரில் ரங்கராஜா என்று ஒரு கொட்டகை இருந்தது. எழுத்தாளர் சுஜாதாவின் ஸ்ரீரங்கத்துக் கதைகளில் அது தலைகாட்டும். தெய்வமும் ரங்கராஜன், கொட்டகையும் ரங்கராஜா. ஊர்ப் பிள்ளைகளும் அப்படியே: 1931-ல் பிறந்த கவிஞர் வாலிக்குப் பெயர் டி.எஸ். ரங்கராஜன், 1935-ல் பிறந்த சுஜாதாவுக்குப் பெயர் எஸ். ரங்கராஜன். வாலி இளமையில் நாடகம் எழுதி, திருச்சி வானொலிக்குப் போய், பிறகு சினிமாவுக்குப் பாட்டு எழுதினார். அந்த வானொலி நிலையம் 1939 மே 16-ல் ஏற்பட்டது. சுஜாதா என்ஜினியராகி, மின்சார ஓட்டு இயந்திரத்தில் கை வைத்து, ஓய்ந்த வேளையில் கதை எழுதி, அவரும் கடைசியில் சினிமாவுக்கு வசனம் எழுதப் போனார். காவிரி காவல் காத்தும் இரண்டு ரங்கராஜன்களும் அந்தப் பக்கம் போய்விட்டார்கள்.

ராஜகோபுரம் 1987-ல் முடிந்தது. 236 அடி உயரம். நிமிர்ந்து பார்த்தால் தலைப்பாகை விழும். நமக்குத் தலைப்பாகை இல்லாதபடியால் மூக்குக் கண்ணாடி நழுவியது. பகல் பத்து உற்சவம் நடந்துகொண்டிருந்தது. அர்ஜுன மண்டபத்தில் நம்பெருமாள் எழுந்தருளியிருக்க, கூம்புக் குல்லாயும் மாலையும் தரித்த அரையர், கையில் தாளத்துடன் ஆழ்வார் பாசுரத்தை இசைத்து, அபிநயம் பிடித்துக்கொண்டிருந்தார். நாதமுனிகள் காலத்திலிருந்து வருவதாகச் சொல்லும் சேவை. மேடையில்லை, திரையில்லை, டிக்கெட் இல்லை. கூட்டத்தில் முக்கால்வாசிப் பேர் பெருமாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்; சிலர் கைப்பேசியில் படம் எடுத்தார்கள். நமது சாரதி மட்டும் அரையரின் கைகளையே பார்த்தார். வெளியே வந்ததும், "ஒரு கையில தாளம் போடறார், அதே கையில மான் காட்டறார் சார், மாத்தறது தெரியவே இல்லை" என்றார். அவருடைய தொழிலில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

கொட்டகையைத் தேடிச் சித்திரை வீதியிலும் உத்தர வீதியிலும் சுற்றினோம். ஒரு காபிக்கடையில் விசாரித்தோம். கடைக்காரர், "ரங்கராஜாவா?" என்று கேட்டுவிட்டு, பதில் சொல்லாமல் உள்ளே திரும்பி, "அப்பா, ஒருத்தர் கொட்டகையைக் கேட்கிறார்" என்று குரல் கொடுத்தார். எண்பது வயதுப் பெரியவர் ஒருவர் வாசலுக்கு வந்தார். கையை நீட்டி வழி காட்டுவார் என்று எதிர்பார்த்தோம். அவர் வழி காட்டவில்லை. தரை டிக்கெட்டில் உட்கார மணலைக் குவித்து மேடாக்கிக்கொண்டதையும், பின்னால் இருந்தவர் அதைக் கலைத்ததையும், பெண்கள் பகுதியில் குழந்தை அழுதால் ஆண்கள் பகுதியிலிருந்து தகப்பன் எழுந்து போனதையும், மழை வந்தால் தகரக் கூரைச் சத்தத்தில் வசனம் கேட்காமல் போனதையும், அந்த வசனத்தை மறுநாள் போய்க் கேட்டதையும் நின்றபடியே சொல்லிக்கொண்டிருந்தார். பின்னால் இரண்டு பேர் காபிக்குக் காத்திருந்தார்கள்; அவர்களும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். இடம் எங்கே என்று கேட்க நமக்கே மறந்துபோயிற்று.

அம்மா மண்டபத்துப் படித்துறையில் சற்று உட்கார்ந்தோம். டீக்கடையில் கேட்ட கேள்வியை அவர் மறுபடியும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததே நம்மை அரித்தது.

"உன் பெண்ணை அந்தப் படிப்பிலேயே சேர்த்துவிடப்பா. ஆனால் பன்னிரண்டாவதை முடித்த பிறகு. கணக்கை விட்டுவிடக் கூடாது. பணம் கட்டுவதற்கு முன்னால் எந்தக் காலேஜ், என்ன விவரம் என்று எனக்கு எழுது. நான் விசாரித்துச் சொல்கிறேன். வேண்டுமானால் வந்து நானே அவளோடு பேசுகிறேன்" என்றோம்.

"வீட்டுக்கு வருவீங்களா சார்?" என்றார்.

"வருகிறேன். இப்போதே வேண்டுமானாலும் போகலாம்."

அவர் எழுந்து, பின்பக்கத்துத் தூசியைத் தட்டிக்கொண்டு, வண்டிச் சாவியை எடுத்தார். கைப்பேசியில் மணி பார்த்தார்.

"ரெண்டரை ஆகுது சார். மேட்னி பெல் அடிக்கிற நேரம்" என்றார். சங்கிலியாண்டபுரத்துக்கு வண்டியைத் திருப்பினார்.